நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்

அரக்கு வரை போவதாகத்தான் திட்டம்.
எதிர் ஃபிளாட் ரேணுபாலாவிடம் சாவி கொடுத்து
கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் சொல்லி
சிலிண்டரை மூடினேனா என்று
பாதி வழியில் ஒருமுறை திரும்பி வந்து பார்த்து
(மூடித்தான் இருந்தது)
மாதவரம் ரவுண்டானா தாண்டுவதற்குள்
கருகின வாசனை.

'பிளேட்டு தேஞ்சிக்கிச்சுக்கா.
ஆந்திராலாம் தாங்காது.
ஊருக்குள்ளயே வெச்சி ஓட்டுங்க.'
பையன் கையைத் துடைத்துக்கொண்டான்.

ஓட்டுவது நான்.
இவர் பக்கத்தில்,
மடியில் தண்ணீர் பாட்டிலோடு,
எனக்கும் சேர்த்து பிரேக் மிதிக்கிறவர்.

மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.
ரேணுபாலாவிடம் அரக்கு என்று சொல்லியாயிற்று.
வண்டியை எந்தப் பக்கம் திருப்ப?
'உனக்கு எது இஷ்டமோ' என்றார்,
எப்போதும் போல.

அன்றைக்குச் சொந்த ஊரில் ரூம் எடுத்தோம்.
எழும்பூர் கென்னட் லேன்.
ஆதாரில் வில்லிவாக்கம் என்று படித்துவிட்டு
லாட்ஜ்காரர் எங்களை நிமிர்ந்து பார்த்தார்.
'ஹஸ்பெண்ட் அண்ட் வொய்ஃப்'
என்று இவர் ஏன்
அவ்வளவு சத்தமாகச் சொன்னார்?
மாடிப்படி முழுக்கச் சிரித்துக்கொண்டே ஏறினேன்.

ராத்திரி, பீச் ஸ்டேஷன் எதிரே
தள்ளுவண்டியில் அத்தோ.
ஆரஞ்சு நூடுல்ஸ், கோஸ், பொரித்த வெங்காயம்,
புளித்தண்ணீர்.
மணிக்கட்டு வரை கிண்ணத்துக்குள் விட்டுப் பிசைந்த கை
கேட்டது: 'காரம்?'

'அவங்களுக்குக் கம்மியா' என்றார் இவர்.
'அவருக்குத்தான் கம்மி' என்றேன் நான்.

கை நின்றது.

கல்யாணமான மாதம்
நாத்தனார் வீட்டுப் பொடியில் இவருக்கு விக்கல்.
அன்றிலிருந்து பாதி மிளகாய் நான்.
பாதி மிளகாய்தான் இவளுக்கு ஒத்துக்கொள்ளும் போல என்று
வாயைத் திறக்காமல் இவர்.
இருபத்தியொரு வருஷ வத்தக்குழம்பு
என் கண்ணெதிரே வெளிறிப்போனது.

கோபம்தான் வந்தது.
யார்மேல் என்று தெரியவில்லை.

'அப்ப ரெண்டு பேருக்கும் ஏத்திறவா?'

ஏற்றினார்.
மூக்கு ஒழுகியது.
கிழித்த நியூஸ்பேப்பர் ஒன்றுதான் இருந்தது,
அதையும் இவரே முதலில் எடுத்துக்கொண்டார்.
வாழைத்தண்டு சூப்பை ஊதி ஊதிக் குடிக்கையில்
தலைக்கு மேலே தாம்பரம் போகும் ரயிலின் அறிவிப்பு.
யாரோ நிஜமாகவே ஊருக்குப் போகிறார்கள்.

மறுநாள் சைதாப்பேட்டையில் வடகறி.
எங்கள் மேஜையிலேயே உட்கார்ந்த கூரியர்க்காரர்
இவர் தட்டைப் பார்த்து
'கெட்டிச் சட்னி கேளுங்க சார், கேட்டாத்தான் வைப்பான்' என்றார்.
இவர் கேட்டார்.
கேட்டார்!
வீட்டில் உப்பில்லை என்றால்கூட
என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுகிற மனுஷன்
கையைத் தூக்கி, இரண்டு தரம்.

ஈஞ்சம்பாக்கம் பக்கம்
ஓலை வேய்ந்த ஏசி ஓட்டல் ஒன்று.
மீன் சுமார். கடல் தெரியும் என்றார்கள், சுவர் தெரிந்தது.
பில்லில் மட்டும் நல்ல காரம்.

புளியந்தோப்பில் காலையிலேயே கறி தோசை.
கல்லிலிருந்து எடுக்கும்போது
ஓரத்தில் முறுகின துண்டை
யார் எடுப்பது என்று முதல்முறையாகச் சண்டை போட்டோம்.
இத்தனை நாள் அதை
ஒருவருக்கொருவர் ஒதுக்கி வைத்து ஒதுக்கி வைத்து
ஆறவிட்டிருக்கிறோம்.

மூன்றாம் நாள் சாயங்காலம்
மீட்டரில் நூற்றுப் பன்னிரண்டு.
சுங்கச்சாவடி ஒன்றைக்கூடத் தொடவில்லை.
தெருமுனையில் நான் பிரேக் போடுவதற்கு முன்பே
பக்கத்தில் ஒரு கால் அழுத்தியது.
அது மாறாது.

சாவியோடு வந்தாள் ரேணுபாலா.
தொட்டி காய்ந்துதான் கிடந்தது.
'அரக்கு எப்படிண்ணா? நல்ல குளிரா?'

'காரம்' என்றார் இவர்,
செருப்பைக் கழற்றிக்கொண்டே.

அவள் என்னைப் பார்த்தாள்.
நான் உள்ளே போய்
சிலிண்டரைத் திறந்தேன்.