இறக்கை உறை, ஒரு சோடி

பில் புத்தகத்தில் ஏற்கெனவே அச்சடித்திருக்கிறது:
சோபா, திரைச்சீலை, கார் சீட், தள்ளுவண்டிக் கூரை.
வெள்ளவத்தை, கடற்கரை ஒழுங்கை.
இதில் எந்த வரியில் எழுதுவது
ஒரு விமானத்தை?

பியதிலக்க கடைக்கு வந்தது அடைமழையில்.
பழைய துணித்துண்டொன்றை மேசையில் விரித்தார்.
பாம்புச் சட்டை மாதிரி நொருங்கியது.
"இதைப்போல வேணும், ஆனால் பறக்கவும் வேணும்"
என்றார், பாதி சிங்களம் மீதி தமிழாய்.
அப்படியொரு அளவை எவரும் தந்ததில்லை எனக்கு.

இரத்மலானை. ஓடுபாதைக்குப் பின்னால் தகரக் கொட்டகை.
உள்ளே சிப்மங்க், விலா எலும்பு தெரிய.
படைப் பெடியன்களைப் பறக்கப் பழக்கிய விமானம்;
குண்டு போட்டதில்லை, என்றார்,
நான் கேட்காமலே.
தேநீர் ஊற்றும்போது இன்னொரு தரம் சொன்னார்.

இரண்டரை அங்குலத்துக்கு ஒரு முடிச்சு.
மெழுகு தடவிய நூல், முழ நீள ஊசி.
மேலிருந்து நான் குத்தக்
கீழிருந்து வாங்கித் திருப்பி அனுப்ப ஒரு கை வேண்டும்.
அது அவருடைய கை. முகம் தெரியாது.
துணிக்கு அப்பாலிருந்து, "ஹரி."
இப்பாலிருந்து, "சரி."
நாள் முழுக்க இவ்வளவுதான் கதைத்தோம்.

டோப் பூசினோம். நகப்பூச்சு மணத்தில் தலை சுற்றியது.
தொய்ந்து கிடந்த துணி காயக் காய இறுகி
சுண்டினால் தவிலின் வலந்தலைபோல் பேசியது.

பிறகுதான் தோட்டா.
இந்த இயந்திரம் சாவிக்கு எழும்பாது.
துவக்குத் தோட்டா போல ஒன்றை வெடிக்கவைத்தால்தான் உருளும்.
ஆறு தோட்டாவுக்குப் பதின்மூன்று கையெழுத்து,
கொட்டகையில் வேலை செய்வோர் பெயர்ப்பட்டியல்.
பிறந்த இடம்: புலோலி, என்று எழுதினேன்.
என் பெயருக்கு நேரே எவரோ பென்சிலால் போட்ட கேள்விக்குறி
நாலு மாதம் மேசைக்கு மேசை போய்வந்தது.
திரும்பி வந்தபோது அழித்திருந்தார்கள்,
தாளில் அதன் பள்ளம் மட்டும்.

முதல் தோட்டா புஸ்ஸென்றது.
இரண்டாவதற்குத்
தகரம் அதிர்ந்து, அத்திடிய சதுப்பின் கொக்குகள் எழும்ப,
நான் இறக்கைக்குக் கீழே குந்திக்
காதைப் பொத்தியிருந்தேன்.
எப்போது குந்தினேன், தெரியாது.
முழங்காலுக்கு அது பங்கர் காலத்துப் பாடம்.
சக்கரத்துக்கு அந்தப் பக்கம்
பியதிலக்கவும் குந்தியிருந்தார்,
இரண்டு கையாலும் தலையை மூடி.

"ஸ்பானர் விழுந்திட்டுது," என்றார்.
"தையல் பார்த்தனான்," என்றேன்.
ஸ்பானர் அவருடைய சட்டைப்பைக்குள் இருந்தது.
எங்களுக்கு மேலே இயந்திரம்
நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

சல்தீன் காலை ஆறரைக்குக் கிளப்பினார்.
தைத்தவரும் ஏறட்டும், பிய்ந்தால் இருவருக்கும்தானே,
என்பது அவருடைய பகிடி.
தெஹிவளை, ரயில் பாதை, பக்கத்தில் நுரை.
கடலைப் பார்க்கவில்லை நான்.
பதினோராம் விலாவில் ஒரு முடிச்சு
கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதையே பார்த்தேன், கழுத்து நோக.

அது இருந்த இடத்திலேயே இருந்தது.

பிறகு கீழே பார்த்தேன்.
மொட்டைமாடியொன்றில் உடுப்புக் காயப்போட்டவள்
சத்தத்துக்கு நிமிர்ந்தாள்.
ஓடவில்லை.
நெற்றியில் கைவைத்து எங்களைப் பார்த்துவிட்டு
அடுத்த சட்டையை உதறினாள்.
அவள் ஓடவில்லை, என்று சல்தீனிடம் கத்தினேன்.
காற்றில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை;
கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

இப்போது பியதிலக்க பில்லுக்கு நிற்கிறார்.
கார் சீட்டை வெட்டிவிட்டு எழுதுகிறேன்:
இறக்கை உறை, ஒரு சோடி.
நூல், மெழுகு தனி.
"குறைக்க ஏலாதா?" என்கிறார்.
"ஸ்பானர் தேடினதுக்குக்
காசு போடேல்ல," என்கிறேன்.