ஆறு விநாடி

சாவியைத் திருப்பினால்
முகத்துக்கு நேரே ஓர் உருண்டையோடு
சிவப்பாக எழுந்து வருவான் ஒரு குட்டி ஆள்.
ஆறு விநாடி இருப்பான். போய்விடுவான்.
வண்டி வாங்கி நாலு மாசமாக அப்படித்தான்.
வாலிநோக்கம் விலக்கு தாண்டிய ஒரு விடியலில்
டீக்குடிக்க நிறுத்தி மறுபடி எடுத்தேன்.
அவன் போகவில்லை.

பின்னால் மூன்று ஐஸ் பெட்டி,
கணவாய் ஒன்று, நண்டு இரண்டு.
மூக்கையூரில் எடுத்த சரக்கை
ஏழரைக்குள் மண்டபத்தில் எடை போட வேண்டும்.
ஒரு விளக்குக்காக யார் வண்டியை ஓரங்கட்டுவார்.
துவாலையைப் போட்டு மூடினேன்.
துவாலைக்குள்ளும் சிவந்துகொண்டே இருந்தான்.

கீழக்கரையில் ஜகுபர் கேட்ட முதல் கேள்வி:
"அக்கா, ஐஸ் தண்ணி எங்க வடியுது?"

அதை நான் யோசித்ததே இல்லை.
மேட்டைத் தூக்கினான்.
என் சீட்டுக்கு அடியில் ஒரு சின்னக் கழிமுகம்,
ஒரு நண்டுக்கால்,
பச்சை பூத்த மஞ்சள் கனெக்டர்.

மஞ்சள் வயரை உடனே தொடக்கூடாதாம்.
பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா நிற்க வேண்டும்.
"உள்ள கொஞ்சம் கரண்டு தேங்கி நிக்கும்.
தெரியாமக் கை வச்சா பை மூஞ்சில வெடிக்கும்."
கச்சான் காற்று ஷெட்டின் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.
நின்றோம்.
அவன் ஒரு துண்டு தொதல் தின்றான்.
எனக்கு ஐஸ் உருகும் சத்தம் கேட்டது.

பல் பிரஷ்ஷால் பச்சையைத் தேய்த்து
மாட்டி, சாவி திருப்பினான்.
ஐந்து. ஆறு.
ஏழு.
எட்டு.

ஸ்கேனர் சொன்னது: டிரைவர் பக்கம், மின்தடை அதிகம்.
மறுபடி பேட்டரி. மறுபடி பத்து நிமிஷம்.
ஸ்டியரிங்கின் முகத்தைப் பெயர்த்தான்.

மடித்த துணியும் மருந்து டப்பாவும் இருக்க வேண்டிய இடத்தில்
கடற்பஞ்சு போல மஞ்சளித்த ஒரு துண்டு ஸ்பாஞ்ச்.
டேப் சுற்றிய ஒரு மின்தடை,
அரிசி அளவு,
வரி வரியாய் நிறம் பூசி.
ஒரு காலை உப்பு தின்றிருந்தது.

"இத வச்சுட்டா பெட்டி ஏமாந்துரும்க்கா.
பை இருக்குன்னு நெனச்சுக்கும்."

தினமும் அந்த ஆறு விநாடியில்
பெட்டி கேட்டிருக்கிறது: இருக்கிறாயா?
அரிசி சொல்லியிருக்கிறது: இருக்கிறேன்.
நானும் நம்பி
எண்பதில் போயிருக்கிறேன்.

ஆர்.சி. புத்தகத்தில் எனக்கு முன் இரண்டு பெயர்.
பரமக்குடி ஒன்று, தூத்துக்குடி ஒன்று.
மூன்றாவது சந்தியாகம்மாள், நான்.
முன்னிரண்டில் யாரோ ஒருவர் முகத்தில்
ஏதோ ஒரு சாலையில்
அந்தத் துணி வெள்ளையாக விரிந்திருக்கிறது.
மூக்கு உடைந்து பிழைத்தாரா,
வெறுமனே பிழைத்தாரா, தெரியாது.
"டாக்டர் ஓட்டுன வண்டி, கீறல் கூட கெடையாது"
என்றுதான் புரோக்கர் தவசிலிங்கம் விற்றார்.

உப்பை நான் திட்டாத நாளில்லை.
கதவின் அடியைத் தின்றது, சைலன்சரைத் தின்றது,
நம்பர் பிளேட்டின் ஆணியைத் தின்றது.
அது தின்றதில் பொய்
இது ஒன்றுதான்.

தவசிலிங்கத்துக்குப் போன் போட்டேன்.
சிரித்தார். "எரநூறு ரூவா வேல.
புதுசு ஒண்ணு வச்சு லைட்ட அணைச்சிரச் சொல்லுங்க."
பை வாங்க முப்பத்தெட்டாயிரம்.
அதை நண்டாக மாற்றிப் பார்த்து,
பாதியில் கணக்கை விட்டுவிட்டேன்.

ஜகுபர் ஸ்க்ரூவைப் பல்லில் வைத்துக்கொண்டு கேட்டான்,
"அணைக்கவாக்கா?"

வேண்டாம்.
பை வரும்வரை எரியட்டும்.
பெட்டியின் ஓட்டையைச் சோப்பு வைத்து அடைத்துக் கொடு, போதும்.

மண்டபம் சேரும்போது ஒன்பதே கால்.
இரண்டு கிலோ கழித்துத்தான் எடை போட்டார்கள்.
திரும்பும்போது உச்சிப்புளி வரை நாற்பதுதான்.
பின்னால் ஹாரன் அடித்தவனெல்லாம் என்னைத் தாண்டிப் போனான்.
ஓரங்கட்டி
முதல் தடவையாகப் பெல்ட்டை இழுத்தேன்.
அதற்குள்ளும் உப்பு.
வரமாட்டேன் என்றது, பிறகு
நறநறவென்று வந்தது.