மணம் என்ற கட்டம்

கூக்கால் ஏரிக்கு மேலே, மழை விட்ட மறுநாள்,
இடுப்பளவு புல்லில் ஒரு வெள்ளைக் குடை.
கம்பிகளை எண்ணினேன். பதினேழு.
ஒவ்வொரு கம்பி நுனியிலும் இன்னொரு சின்னக் குடை.
இதுவரை சரி. கேரட்டின் சொந்தக்காரர்தான்.
எந்த வீடு என்பதுதான் தெரியவில்லை.

இலையைக் கசக்கி முகர்ந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.
நாலு வருஷம் அப்படித்தான் முடித்தேன்.
தை மாதக் காய்ச்சலுக்குப் பிறகு
என் மூக்கு மூச்சுக்கு மட்டும்.
தீய்ந்த பாலும் மரிக்கொழுந்தும் எனக்கு ஒன்று.
ஆபீசில் சொல்லவில்லை.
ஜீப் ஓட்டும் சவுரிமுத்துவிடம் மட்டும் சொன்னேன்,
அதுவும் காலடியில் டீசல் ஒழுகி
நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்த அன்று.

அவர் கசக்குகிறார். நான் எழுதுகிறேன்.

"இது ஓமத்தண்ணி மேடம்.
ஆனா பாட்டிலைத் தொறந்து மூணு நாள் ஆன ஓமத்தண்ணி."
"இது சோம்பு மாதிரி வந்து கடைசில மண்ணெண்ணெய்."
ஏரிச் செடிக்குத்தான் நேரம் எடுத்தார்.
இரண்டு இலை, பிறகு ஒரு பிஞ்சு.
"எங்க மாமனார் வீட்டு ஊறுகாய் அலமாரி."
என்ன ஊறுகாய்?
"அலமாரி மேடம். ஊறுகாய் இல்ல."

படிவத்தில் அலமாரிக்கு இடமில்லை.

அதனால் லென்ஸ்.
குடையின் அடியில் செதில் உண்டா, உண்டென்றால் உதிர்கிறதா.
தண்டு குழலா கெட்டியா.
மயிர் எந்தப் பக்கம் சாய்கிறது.
ஓரத்துப் பூவுக்கு மட்டும் வெளி இதழ் பெரிசா,
கல்யாண வீட்டில்
வாசலில் நிற்பவர்களுக்கு மட்டும் பட்டு எடுத்த மாதிரி.

காயைப் பிளேடால் குறுக்கே அறுத்தால்
விதையைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள், எண்ணெய்க் குழல்கள்.
மணம் குடியிருக்கும் அறை.
ஆறு அறை எண்ணிவிட்டேன்.
உள்ளே ஆள் இருக்கிறாரா என்று
கதவைத் தட்டிக் கேட்கத்தான் முடியவில்லை.

முதிர்ந்தது தானே இரண்டாய்ப் பிளந்து
மயிரிழைக் கவையில் ஆளுக்கொரு பக்கம் தொங்குகிறது.
காற்று வந்து எடுத்துப்போவது பாக்கி.

நாக்கில் வைக்கக் கூடாது. அது முதல் விதி.
இந்தக் குடும்பத்தில் ரசத்துக்குப் போனவர்கள் உண்டு,
ஆளை முடித்தவர்களும் உண்டு.
மழைக்கு எல்லோரும் பிடிப்பது ஒரே குடை.
போன வாரம் தடித்த தண்டு ஒன்றை ஒடித்து
சாறு பட்ட கையோடு உச்சி வெயிலில் நின்ற சவுரிமுத்துவுக்கு
மணிக்கட்டில் இன்னும் ஒரு பழுப்பு வளையல்.
"என் சம்சாரம் யாரு போட்டதுன்னு கேக்குறா."

மன்னவனூர் போகிற வழி, தோட்டத்து வேலிக்கு வெளியே
சாலையோரம் இன்னொன்று.
அடிச்செதில் சீப்புப் பல்லாய்ப் பிளந்து,
காய்த்தலை குருவிக்கூடாய் உள்ளே குவிந்து.
லென்ஸை எடுக்கவே இல்லை.
எந்த விதைப் பொட்டலத்திலிருந்தோ தவறியது.
பிடுங்கினேன்.
வேர் விரல் பருமன், நாரோடிப்போய், முறுக்கிக்கொண்டு.
சந்தைக்கு உடுத்திய ஆரஞ்சு
கழுத்தருகே கொஞ்சம் மிச்சம்.

சவுரிமுத்து வாங்கி முகர்ந்தார். பேசவில்லை.
சொல்லுங்க.
"கேரட் மேடம்."
அவ்வளவுதானா?
"கேரட்டு கேரட்டு மாதிரிதான இருக்கும்."
சொல்லிவிட்டு மறுபடி முகர்ந்தார்,
இந்த முறை எனக்காக இல்லை.

ராத்திரி ஓய்வு விடுதியில்
ஏரிச் செடியைச் செய்தித்தாளில் பரப்பினேன்.
பதினேழு கம்பியும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல்
விலக்கி வைக்க அரைமணி நேரம்.
பேரினம் எழுதிவிட்டேன், பென்சிலில்.
இனம்: கேள்விக்குறி.
மணம்: ஊறுகாய் அலமாரி.
முகர்ந்தவர்: ச.
நிறுத்தி, அடித்து,
பே. சவுரிமுத்து, ஓட்டுநர் என்று முழுசாய் எழுதினேன்.

காலையில் நான் ஏறும் முன்பே
அவர் ஜீப்புக்கு அடியில் குனிந்திருந்தார்,
தரையைத் தொட்டு விரலை மூக்கில் வைத்தபடி.