ஃபியூஸ் பெட்டி, எல்லீஸ் நகர்

ஞாயிற்றுக்கிழமை, ஆனாலும் டியூட்டி.
எழுபதடி ரோட்டை மறித்துக் கலைவிழா.
ஒலிபெருக்கிக்கு ஒரு லைன்,
விளக்குகளுக்கு ஒரு லைன்,
பஜ்ஜிக் கடைக்காரர் கேட்காமலே இழுத்துக்கொண்ட ஒரு லைன்.
மூன்றுக்கும் பொறுப்பு நான்.

ஓவியம் பார்க்க வந்தவன் இல்லை.
அதற்காகக் கண்ணைக் கழற்றி
இடுக்கியோடு பையில் போட்டுவைக்க முடியுமா?

பழைய ஃபிளக்ஸ் பேனர்களைத் திருப்பிக் கட்டி
வெள்ளை முதுகில் வரைந்திருந்தார்கள்.
காற்று தூக்கும்போது மறுபக்கம் தெரிகிறது:
யாருக்கோ காதணி விழா,
கும்பிட்டபடி பதினேழு தாய்மாமன்கள்.

சைக்கிள் ரிம்மும் குக்கர் கேஸ்கட்டும் சேர்த்து
ஒரு பையன் மயில் கட்டியிருந்தான்.
வந்தவர்கள் எல்லாரும் கோழி நல்லாருக்கு என்றார்கள்.
ஆறு மணிக்கு மேல் அட்டையில்
அவனே அடித்துத் திருத்திவிட்டான்.

பருத்திப்பால் வண்டியில் யாரோ
இருபத்திமூன்று என்று எண் ஒட்டிவிட,
பின்னால் கைகட்டி நின்று
அதையும் பார்த்துவிட்டுப் போகிறது ஒரு குடும்பம்.
வண்டிக்காரர் முறைக்கிறார்.
வாங்கிக் குடித்தால் என்ன?

பூங்கா மூலையில் என் டிரான்ஸ்ஃபார்மர்.
என் என்று சொல்லக் கூடாது, வாரியத்துடையது.
இடி இறங்கிய ராத்திரிகளில்
அதன் காலடியில் நனைந்தவன் என்ற உரிமைதான்.
அதன் கீழே ஃபியூஸ் பெட்டி.
சாம்பல் நிறத்தைக் காணோம்.
நீலம்.
வைகையில் நான் பார்த்தேயிராத நீலம்.
கெண்டைகள் மூன்று, தண்ணீர்ப்பாசி,
மண்டையோடும் குறுக்கெலும்பும் இருந்த இடத்தில்
சிரிக்கிற ஆமை.

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக
அந்தப் பெட்டியைத் தடவிப் பார்க்க
ஒரு குழந்தை கை நீட்டியது.

கத்தினேன். மைக்கையும் தாண்டிய கத்தல்.
குழந்தை அழுதது. அதன் அம்மா என்னைப் பார்த்த பார்வையில்
ஒரு பல்பு எரிந்திருக்கும்.

முழங்கையெல்லாம் பெயிண்டோடு ஓடிவந்தாள்
நஸ்ரத் பானு, தொண்டர் பட்டை கட்டியவள்.
"நல்லால்லையாண்ணே?"

நல்லாத்தான் இருக்கு. கோளாறே அதுதான்.
நல்லா இருந்தா தொடுவாங்க.

சொல்ல வேண்டும் என்று இல்லை. சொல்லிவிட்டேன்.
பழங்காநத்தத்தில் கார்மேகம் ஏறிய கம்பம்,
லைன் ஆஃப் என்று யாரோ போனில் சொன்னது,
மழை விட்டிருந்த வானம்.
வானமும் அன்றைக்கு நல்லாத்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"ஆமையை அழிச்சிரவாண்ணே?"

வேண்டாம். அதன் ஓட்டிலேயே போடலாம்
மண்டையோடு.
நீ கிட்ட வராதே, நான் போடுறேன்.

ரப்பர் கையுறையோடு பிரஷ் பிடித்தவன்
இந்த விழாவில் நான் ஒருத்தன்தான்.
பட்டையை அவிழ்த்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று
அவள் டார்ச் அடித்தாள்.
தினமும் பார்த்த முகம்,
வரையப் போனால் தெரியவில்லை:
எலும்பு தாடைக்குக் கீழா, பின்னாலா?
கண்குழி வட்டமா, கோணலா?
அப்புறம் பற்கள்.
கை தானாகவே
முன்பல் இரண்டுக்கும் நடுவில்
சந்து விட்டது.

கார்மேகத்துக்கு அப்படித்தான்.
விசிலடித்தால் தெரு திரும்பும்.

"கீழே பேர் போடுங்கண்ணே,
எல்லாரும் போட்டிருக்காங்க."
யோசித்துவிட்டு எழுதினேன்:
440 வோல்ட்.

கூட்டம் சேர்ந்தது. தூரத்தில் நின்றே போட்டோ எடுத்தார்கள்.
அழுத குழந்தையும் வந்தது,
அம்மாவின் இடுப்பிலிருந்து
ஆமைக்கு டாட்டா காட்டியது.

யாரோ தோளைத் தட்டினார்கள்.
பாராட்ட இல்லை.
பஜ்ஜிக் கடையில் கரண்ட் போச்சாம்,
எண்ணெய் வேறு காய்ந்துகொண்டிருக்கிறதாம்.
அடுப்பு கேஸ்தானேய்யா என்று சொல்லிக்கொண்டே
டெஸ்டரைத் தேடினேன்,
பையில், சட்டையில்,
கடைசியில் பெயிண்ட் டப்பாவில் கிடந்தது,
பாதி நீலமாக.