பாக்கி

தயாளன் அவர்களுக்கு,
காகிதப்பட்டறையிலிருந்து ஆர்ட்டிஸ்ட் கன்னியப்பன்.
குடியாத்தம் வழியாகப் பேரணாம்பட்டுக்கு
மூன்று முறை பஸ் ஏறிவிட்டேன்.
மூன்று முறையும் மகால் மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்தார்.
டீ நன்றாகவே இருந்தது.
பாக்கி பதினைந்தாயிரம்.

நீங்கள் கொடுத்தது கட்டைவிரல் அகலப் போட்டோ,
ஷாப்பு அட்டையிலிருந்து பிய்த்தது,
ஒரு கண்ணின்மேல் பாதி முத்திரை.
கழுத்தோடு முடிந்துபோன மனிதரை
ஆறடிக்கு நாலடியில் உட்காரவைக்கச் சொன்னீர்கள்.
நாற்காலி என் கற்பனை. ஜிப்பா உங்கள் விருப்பம்.
கைக்கு எங்கே போவேன்?

பஸ் ஸ்டாண்டில் விசாரித்தேன்.
மாசிலாமணியோடு ஒரே சுண்ணாம்புக் குழியில்
பத்தொன்பது வருஷம் நின்றவராம், ஜக்கரியா.
அவர் கதை எதுவும் சொல்லவில்லை. டம்ளரைத் தள்ளிவைத்து
இரண்டு கையையும் மேஜைமேல் விரித்தார்.
நகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தோல்,
ரேகைக்குள் ஆவாரம்பட்டைச் சிவப்பு,
சுண்ணாம்பு தின்ற மணிக்கட்டு.
"அவன் கை இத்த வுட மோசம்பா."

இதைவிட மோசத்தை வரைய எனக்குத் தைரியம் வரவில்லை.
இதையே வரைந்தேன்.
முகத்துக்கு நாலு நாள்.
கைகளுக்குப் பதினோரு நாள்.

வந்து பார்த்தீர்கள்.
முகத்தைப் பார்த்து "அப்பா" என்றீர்கள்.
கீழே பார்த்ததும் கைக்குட்டையை எடுத்தீர்கள்,
அழுகிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.
"சம்பந்தி வூட்டுக்காரங்க கோயமுத்தூரு.
இந்தக் கைய வெச்சிக்கினா அவங்கள வாங்கன்றது?
மாத்துய்யா. மோதிரம் போடு.
வெரலு எழுதற வெரலா இருக்கட்டும்."

வாதாடினேன். ஒத்துக்கொள்கிறேன், கத்தினேன்.
உங்கள் ஆள் என் ஸ்டூலைத் தூக்கி வெளியே வைத்தார்.
அன்று ராத்திரி மகளின் நர்சிங் காலேஜிலிருந்து
ஃபீஸுக்கு இரண்டாவது போன்.
காலையில் பிரஷ்ஷோடு நானே வந்து நின்றேன்.
நீங்கள் சிரிக்கவில்லை. அதற்கு நன்றி.
ஒரே மத்தியானத்தில் முடிந்தது:
வழவழவென்று இரண்டு கை,
யாருக்கும் சொந்தமில்லாத கை,
விரலில் ஒன்பது கல்.

முகூர்த்தத்தன்று ஜக்கரியா வந்திருந்தார்,
பத்திரிகை வைக்காமலே.
படத்தின் முன் சற்று நேரம் நின்றார்.
பிறகு தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
பந்திக்குப் போகாமல் படியிறங்கிவிட்டார்.
கூப்பிட்டிருக்கலாம். நான் அப்போது
இலையில் இரண்டாம் முறை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

திருத்திய நாளுக்குக் கூலி கிடையாதாம்,
தாமதத்துக்குப் பிடித்தமாம், மேனேஜர் சொல்கிறார்.
அது இருக்கட்டும். தொழில் விஷயம் ஒன்று.
தோல்காரர் நீங்கள்.
எது உள்ளே ஊறும், எது மேலோடு நிற்கும் என்று
உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.
அடியில் இருக்கும் கைகள் ஆயில்.
அவற்றின்மேல் இரண்டு கோட் வார்னிஷ், காயவிட்டு.
அதற்கும் மேலே இருப்பது
கருவேலம்பிசினில் குழைத்த தண்ணீர்க் கலர்.
ஒன்பது கல்லும் அதுதான்.

ஆகவே அடுத்த கல்யாணத்துக்கு மகால் கழுவும்போது
வேலைக்கார அம்மாவிடம் சொல்லிவையுங்கள்,
படத்தை ஈரத்துணியால் துடைக்கவேண்டாமென்று.

அல்லது ஒன்றும் சொல்லாதீர்கள்.

எப்படியானாலும்
பாக்கி பதினைந்தாயிரம்.