சேகரித்தவர்

ஊருக்குள் வந்த முதல் வாரம்
காய்ச்சல்காரர்கள் வரிசை கட்டினார்கள்.
டாக்டர் அருமைநாயகம் என்று
இரும்புப்பெட்டியில் எழுதியிருந்ததே.
"நான் புல்லுக்கு டாக்டர்" என்றார்.
சிரிக்காமல் சொன்னதால்தான் சிரித்தோம்.
மீராவம்மா மட்டும் விடவில்லை.
ஆட்டை இழுத்துவந்து கட்டினாள்:
இதுவும் புல்லுதானே திங்குது, பாருங்க.

பெரியபட்டினத்துக்குத் தெற்கே கொம்புத்தீவு.
வாடை ஓய்ந்து சோளகம் எழும்பாத நாட்களில்
நான் முன்னால், அவர் பின்னால்,
இடுப்பளவு தண்ணீரில்.
எனக்கு விரல்களில் துணிச்சுற்று, காலில் டயர்ச் செருப்பு.
அவருக்கு ஒரு கண்ணாடி,
அதன்மேல் இன்னொரு கண்ணாடி.
நான் பறித்தது கிலோக் கணக்கு.
அவர் பறித்தது ஒரே ஒரு கொத்து,
அதையும் ஈரத்துணியில் பிள்ளையைப் போல் பொதிந்து.

பெயர் கேட்பார்.
கஞ்சிப்பாசி. கட்டக்கோரை.
இது மரிக்கொழுந்து.
வாசமா இருக்குமோ?
இல்ல சார், விலைதான் மணக்கும்.
அதையும் எழுதிக்கொண்டார்.

தாழை முளைத்த தரையில்
இரும்புச் சதுரம் ஒன்றைப் போட்டு
குப்புற மிதந்து எண்ணுவார்.
எண்ணை நான் கத்தவேண்டும், படகில் இருப்பவன் குறிப்பான்.
நானூற்றுப் பதினொன்று.
பார் உடைத்துக் காளவாசலுக்கு ஏற்றிய படகுகள்
இரண்டு வருஷம் அந்தப் பக்கம் போய்வந்தன.
அதே இடம், அதே சதுரம்:
அறுபத்து மூன்று.
சார் தப்பா எண்ணிட்டீங்க என்றேன்.
மறுபடி முங்கினார்.
அறுபத்து மூன்றுதான்.
அன்று கொண்டுபோன சோற்றை மீனுக்குப் போட்டார்.

அப்புறம் கடிதங்கள். ராமநாதபுரம், மதராஸ், டெல்லி.
பதினொரு வருஷம்.
காளவாசல்காரர்கள் அவர் சைக்கிளைக்
கிணற்றில் போட்டார்கள்.
எடுத்துத் துடைத்து, அதிலேயே தபாலாபீஸ் போனார்.

கடலில் கோடு போட முடியுமா என்று பேசிக்கொண்டோம்.
போட்டார்கள். ஆரஞ்சு நிற மிதவைகள்.
பார் ஏற்றிய படகுகள் நின்றன, உண்மை.
ஆனால் அந்தக் கோட்டுக்கு
வெடிக்காரனும் தெரியவில்லை, நானும் தெரியவில்லை.
கோட்டுக்குள் நின்றவர் எல்லாம் ஒன்று.

எங்கள் எட்டுப் பேரையும்
வனத்துறை அலுவலகத்தில் உட்காரவைத்த அன்று
தூத்துக்குடி பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்.
கையால் பறிக்கிறவர்களுக்கு விலக்கு என்று
நான் எழுதின பக்கம் எங்கே,
பக்கம் பத்தொன்பது எங்கே என்று
அலமாரி அலமாரியாகக் கேட்டார்.
இருபதாம் பக்கம் இருந்தது.
அபராதத்தில் பாதியைக் கட்டினார்.
மீதிப் பாதிக்கு என் தோடு.
அதற்குப் பிறகு அவரோடு நான் பேசவில்லை.
செத்த செய்திக்கும் போகவில்லை.

போன மாசி மாதம் நஸ்ரின் என்றொரு பெண்
அவரிடம் கடைசியாகப் படித்தவளாம்,
மண்டபத்துக்கு என்னைக் கூட்டிப்போனாள்.
பூச்சிமருந்து வாசமடிக்கும் அறை.
காகிதத்தில் ஒட்டிய பாசிகள்,
நிறம் போய், நரம்பு மட்டும் நின்று.
ஒவ்வொன்றின் கீழும் வாயில் நுழையாத ஒரு பெயர்,
அதன் கீழே நான் சொன்ன பெயர்,
அதன் கீழே
சேகரித்தவர்: பூமயில், சின்ன ஏர்வாடி.
நாற்பத்தாறு தாள்.

வீட்டில் டிரங்குப்பெட்டியில்
இன்னொரு காகிதம் இருக்கிறது.
குற்றம்: கடற்பாசி சேகரித்தது.
பெயர் அதே பெயர்தான், ஊர் அதே ஊர்தான்.
அதைப் பற்றி அவளிடம் சொல்ல
வாய் வந்தது, பிறகு வேண்டாம் என்று விட்டேன்.

திரும்பும்போது ஏர்வாடி பஸ்ஸில்
அவளே சொன்னாள்: தாழை மறுபடி கட்டியிருக்கும்மா,
பங்குனியில் ஒரு ஆவுளியா குட்டியோடு மேய்ந்தது.
சதுரம் போட்டீங்களா?
போட்டோம்.
எவ்வளவு?
முந்நூற்று எண்பது.

இன்னும் முப்பத்தொன்று வரணும் என்றேன்.
திடுக்கிட்டுப் பார்த்தாள்.
பைக்குள் கையைவிட்டுப் பேனா தேடினாள்.