நிமிடத்துக்கு இரண்டு கரண்டி

மூன்று குளிர்காலம் கடைந்தான் டென்சில்,
கட்டைவிரல் பருமனில் ஒரு சிலிண்டர்.
பித்தளைத் தூள் ரொட்டியிலும் நெறுநெறுத்தது.

நேற்றிரவு கேம்போர்னில் விடாத மழை.
நிலவறையில் முழங்கால் அளவு தண்ணீர்.
மின்சார பம்ப் ஒரு தரம் முனகிச் செத்தது.

தன்னுடையதை ரொட்டித் தட்டில் வைத்துக் கொண்டுவந்தான்.
நாலாம் படியில்
எரிசாராயம் நீலமாய்ப் பிடித்தது.
ஒரு தும்மல்.
கொஞ்சம் சுடுநீர், என் காலுறையில்.
பிறகு சக்கரம்
தயங்கி,
தயங்கி,
சரி, போகட்டும் என்றது.

வாளியால் நான் இறைத்தேன்.
அவன் எண்ணெய் விட்டான்.

விடிந்தபோது படியோரம்
ஜாம் புட்டிகள் ஒன்பது, கலங்கல் நீரோடு.
"ஒன்பதுதானா?" என்றேன்.
"கொதிகலன் குடித்ததையும் சேர், லவ்டே."

சேர்த்தேன்.
என் வாளிகளை
அவனும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.